கிழக்குச் சுவரும் வலது பக்கச் சுவரும்

உசிலம்பட்டிப் பக்கம் வீடு கட்டும் வேலைக்குப் போகிற வெளியூர் எஞ்சினியர் யாராக இருந்தாலும், முதல் வாரத்திலேயே இடது, வலது இரண்டையும் மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். சைட்டில் யாரும் அதில் பேசுவதில்லை. "அந்தச் சட்டிய கொஞ்சம் மேக்க தள்ளி வையிக்கா", "நூல் தெக்க இழுத்துருக்கு, அரை இஞ்சு வடக்க விடு", "டீ கிளாஸு கிழக்க இருக்கு பாரு, தட்டி விட்றாத." கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற டீ கிளாஸுக்குக்கூடத் திசைதான்.

நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் வழி சொல்வதென்றால் "லெஃப்ட்ல திரும்பி ரெண்டாவது ரைட்". மயிலாப்பூரில் கிழக்கு மாட வீதி, வடக்கு மாட வீதி என்று பெயர்ப் பலகை இருக்கும். அந்தக் கிழக்கைக் கிழக்கு என்று நினைத்து நான் பார்த்ததே கிடையாது. அது தெருவின் பெயர், அவ்வளவுதான். சிவில் படித்தபோதும் வடக்கு என்பது பிளானின் மூலையில் போடுகிற அம்புக்குறி. போடாவிட்டால் மார்க் போய்விடும் என்பதால் போடுவோம்.

படித்து முடித்துச் சில வருடம் கழித்து, மதுரைக்கு மேற்கே தனி வீடுகள் கட்டித் தருகிற ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மொழி நம் சிந்தனையை வளைக்கிறது என்ற பேச்சையெல்லாம் அதற்கு முன்பே கேட்டிருந்தேன். பெரும்பாலும் மிகைப்படுத்தல் என்று நினைத்திருந்தேன். இன்றும் பாதிக்கு மேல் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் திசை விஷயத்தில் மட்டும் என் தலைக்குள்ளேயே ஒன்று மாறியது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஸ்டோர் ரூம். ஜன்னல் கிடையாது, நிலை மட்டும் வைத்திருந்தது. வெளியில் நின்றபடி மேஸ்திரியிடம், "அண்ணே, ஷெல்ஃப் வலது பக்கச் சுவத்துல வருது" என்றேன். அவர் உள்ளே இருந்து, "எதப் பாத்து நின்னா வலதும்மா? உள்ள வரும்போதா, வெளிய போகும்போதா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். வலது என்று சொன்னால் மட்டும் போதாது, எங்கே நிற்கிற ஆளுக்கு வலது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகரத்தில் இருவரும் அதை ஊகித்துக்கொண்டு ஓட்டிவிடுகிறோம். 'தெற்குச் சுவர்' என்றால் ஊகிக்க எதுவும் இல்லை. நாம் திரும்பினாலும் சுவர் திரும்புவதில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தெற்குச் சுவர் என்று சட்டென வாயில் வர வேண்டுமானால், தெற்கு எங்கே என்பது எந்நேரமும் தெரிந்திருக்க வேண்டும். மேகம் மூடியிருந்தாலும், ஜன்னல் இல்லாத அறையானாலும், குனிந்து கலவை அள்ளும்போதும். அவர்களுக்குத் தெரிகிறது. எப்படித் தெரியும் என்று ஒரு சித்தாள் அக்காவிடம் கேட்டதற்கு, வானம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று நான் கேட்டதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

அவர்களுக்கு இடது வலது தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. சோத்தாங்கை, பீச்சாங்கை எல்லாம் தாராளமாகப் புழங்குகிற சொற்கள். அவை கைக்கு, காலுக்கு, கண்ணுக்கு. உடம்பை விட்டு வெளியே வந்துவிட்டால் வடக்கு தெற்குதான். நானோ உடம்பின் இடது வலதை அறை, தெரு, ஊர் என்று எல்லாவற்றின் மேலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்தேன்.

இது நம் ஊர் விசேஷம் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஹோப்வேல் என்ற ஊரில் கூகு இமிதிர் என்ற மொழி பேசுகிறார்கள். 1770-ல் கேப்டன் குக்கின் கப்பல் அந்தக் கரையில் பழுதுபார்க்க நின்றபோது, 'கங்காரு' என்ற சொல் இந்த மொழியிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது. இந்த மொழியில் பொருள்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல இடது வலது கிடையாது, எல்லாமே நாலு திசைதான். அங்கே ஒரு பெரியவர் தன் படகு கவிழ்ந்த கதையைச் சொல்ல, மொழி ஆராய்ச்சியாளர் ஜான் ஹாவிலேண்ட் 1980-ல் படம் பிடித்தார். இரண்டு வருடம் கழித்து அதே கதையை ஸ்டீபன் லெவின்சன் படம் பிடித்தார். முதல் தடவை மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெரியவர், படகு புரண்டதைத் தன் உடம்பிலிருந்து முன்பக்கமாகக் கையை உருட்டிக் காட்டினார். அடுத்த தடவை வடக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், கை வலமிருந்து இடமாக உருண்டது. இரண்டு தடவையும் படகு மேற்கே புரண்டது. சம்பவம் அவர் மனதில் திசையோடுதான் பதிவாகியிருந்தது.

இதைப் படித்த பிறகு எங்கள் ஆட்களின் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒரு விபத்தையோ சண்டையையோ விவரித்தால், கை அந்த இடம் நிஜமாக இருக்கிற பக்கமே போகும். "செக்கானூரணில வச்சு" என்றால் கிழக்கே நீளும். சுவர் மறைத்தாலும் நீளும். என் கை அப்போதெல்லாம் சும்மா காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

லெவின்சன் இருந்தது நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில். அவரும் கூட்டாளிகளும் பல நாடுகளில் ஒரே சோதனையைச் செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் எரிக் பெடர்சன் என்பவர் தமிழ் பேசுகிறவர்களை ஆராய்ந்தார். கிராமத்தில் திசைச் சொல், நகரத்தில் இடது வலது, ஒரே மொழிக்குள் இரண்டு பழக்கம் என்று அவர் காட்டியது என்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் அதிர்ச்சி தராது. பேச்சே தேவைப்படாத சோதனையிலும் அந்த வித்தியாசம் வந்தது என்பதுதான் விஷயம். பலமொழி முடிவுகளைச் சேர்த்து 1998-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

சோதனை எளிது. ஒரு மேசையில் மூன்று பொம்மை விலங்குகளை வரிசையாக வைக்கிறார்கள். பார்த்து மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிறகு ஆளை அப்படியே திருப்பி, முதுகுப் பக்கம் இருக்கும் இன்னொரு மேசையில் அதே மாதிரி வைக்கச் சொல்கிறார்கள். முதலில் வலது பக்கம் பார்த்து நின்ற விலங்கைத் திரும்பிய பிறகும் வலது பக்கம் பார்க்க வைத்தால் அவர் உடம்பை வைத்து நினைவில் கொண்டவர். வடக்கே பார்த்து நின்றதை வடக்கே பார்த்தே வைத்தால் (இப்போது அது அவருக்கு இடது பக்கம்) அவர் திசையை வைத்து நினைவில் கொண்டவர்.

இதை நான் சைட்டில் செய்து பார்த்தேன். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், மழைக்கு ஒதுங்கிய ஒரு மத்தியானத்தின் பொழுதுபோக்கு. பலகையில் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு மூன்றையும் வரிசையாக வைத்தேன். கரண்டியின் முனை வடக்கைப் பார்த்திருந்தது. மேஸ்திரியைத் திரும்பச் சொல்லி, எதிர்ப் பலகையில் அதே மாதிரி வைக்கச் சொன்னேன். வடக்கே முனை வைத்தார், மற்ற இரண்டையும் அதற்குத் தெற்கே அதே வரிசையில் அடுக்கினார். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த கோயம்புத்தூர்ப் பையன் அப்படியே தலைகீழ். இரண்டு பேரும் ஒருவர் வைத்ததை ஒருவர் பார்த்து, "மாத்தி வச்சிட்டாரு" என்றார்கள். இரண்டு பேருக்கும் தான் வைத்ததுதான் 'அதே மாதிரி'.

சரி, பொம்மை அடுக்குவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். அதற்குத்தான் அண்ணன் தம்பி வீட்டுக் கதை.

வடக்கு தெற்காக ஓடுகிற தெருவில் எதிரெதிர் மனை. அண்ணன் வீடு கிழக்கு வாசல், தம்பி வீடு மேற்கு வாசல். இரண்டு வீடும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அண்ணனுக்குப் போட்ட பிளானை அப்படியே அரை வட்டம் திருப்பினால் தம்பிக்கும் ஆயிற்று. வாசலில் நுழைந்தால் இரண்டிலும் இடது கைப்பக்கம் முன்னால் சமையலறை, பின்னால் படுக்கையறை. என் கண்ணுக்கு அது ஒரே வீடு, இரண்டு தடவை கட்டப் போகிறோம். கம்ப்யூட்டரிலும் ஒரே வரைபடத்தைச் சுழற்றினால் முடிந்தது.

மேஸ்திரி இரண்டு தாளையும் தரையில் விரித்தார். விரித்ததும் செய்த முதல் காரியம், தாளைத் திருப்பித் திருப்பி, வடக்கு அம்பு நிஜ வடக்கைப் பார்க்கும்படி வைத்ததுதான். பார்த்துவிட்டு, "ரெண்டும் வேற வேற வீடும்மா" என்றார். அண்ணன் வீட்டில் அடுப்படி அக்னி மூலை, படுக்கை கன்னி மூலை. தம்பி வீட்டில் அடுப்படி வாயு மூலை, படுக்கை ஈசானி மூலை. முதலில் இதை வாஸ்து பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவர் பேசியது வெயிலும் மழையும். கன்னி மூலை என்றால் தென்மேற்கு. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் முழுக்க மேற்குச் சுவர் காய்ந்து, ராத்திரி படுக்கும்போது அந்தச் சூட்டை உள்ளே விடும். தம்பியின் படுக்கையறை வடகிழக்கில் இருப்பதால் அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை அடிப்பது அந்த மூலையில்தான். ஜன்னலில் தண்ணீர் உள்ளே வரும். எனவே ஒருவருக்கு மேற்கு ஜன்னலைச் சின்னதாக்கினோம், இன்னொருவருக்குக் கிழக்கிலும் வடக்கிலும் சன்ஷேடை இரண்டடி நீட்டினோம்.

இந்த வெயிலும் மழையும் எனக்குத் தெரியாதவை இல்லை. பாடத்தில் படித்தவைதான். ஆனால் பிளானைப் பார்த்ததும் அவை என் கண்ணில் படவில்லை, அவர் கண்ணில் பட்டன. நாள் முழுக்கத் திசையில் பேசுகிறவருக்குத் திசை தானாக முன்னால் வந்து நிற்கிறது. இடது வலதில் பேசுகிறவளுக்கு இரண்டு வீடும் ஒன்றாகவே தெரிகிறது. மொழி சிந்தனையை எப்படி வளைக்கிறது என்று கேட்டால் நான் சொல்கிற பதில் இவ்வளவுதான். ஒரு விஷயத்தை யோசிக்க விடாமல் அது யாரையும் தடுப்பதில்லை. எதை விடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மட்டும் தினமும் பழக்குகிறது.

அந்தக் கவனம் குழம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். சென்னைப் புறநகரில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்சம் வேலை இருந்தது. மேஸ்திரியும் இன்னும் சிலரும் வந்தார்கள். விடியுமுன் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, இருட்டோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்கள். காலையில் ஒரு கொத்தனார் மட்டும் சரியில்லை. "எனக்கு இங்க திசை மாறித் தெரியுதும்மா. சூரியன் வடக்க மொளைக்கிது" என்றார். அவர் தூங்கிக்கொண்டே வந்ததில் பஸ் எங்கோ திரும்பியது விட்டுப்போயிருக்கிறது. கிழக்கு எது என்று அவருக்கு அறிவில் தெரியும், சூரியன் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் உள்ளுக்குள் இருக்கிற வடக்கு நகர மறுக்கிறது. யாராவது "கிழக்க தள்ளு" என்றால் ஒரு கணம் நின்று கணக்குப் போட்டுத்தான் கை போனது. தலை கிறுகிறுக்கிறது என்றார். தென் மாவட்டத்துக்காரர்கள் பலர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு ஊருக்குப் போனால் அந்த ஊரில் மட்டும் கிழக்கு மேற்காகத் தெரியும், எத்தனை தடவை போனாலும் மாறாது என்பார்கள். நான் எத்தனையோ ஊருக்கு இரவில் போய் இறங்கியிருக்கிறேன், எனக்கு இது வந்ததே இல்லை. மாறிப்போவதற்கு எனக்குள் முதலில் திசை இருந்தால்தானே.

மேஸ்திரி அதற்குச் செய்த வைத்தியம் எனக்குப் பிடித்திருந்தது. கொத்தனாரை ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார். "இங்கிட்டுப் போனா மெட்ராஸு, அது வடக்க. இங்கிட்டுத் திண்டிவனம், நம்மூரு, தெக்க" என்று காட்டி, அங்கேயே டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடத்திக் கூட்டி வந்தார். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது.

தமிழில் கிழக்கு, மேற்கு என்ற சொற்களிலேயே கீழும் மேலும் இருப்பது பலருக்குத் தெரிந்ததுதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கடலை நோக்கிச் சரிகிற நிலம். அதனால்தான் மதுரையில் கீழமாசி வீதி, மேலமாசி வீதி. மெக்சிகோவின் தெனெஹாப்பாவில் செல்தால் மொழி பேசுகிறவர்களும் நிலத்தின் சரிவை வைத்து 'மேட்டுப் பக்கம்', 'பள்ளத்துப் பக்கம்' என்றே மேசை மேல் இருக்கிற பாட்டிலுக்குக்கூட இடம் சொல்கிறார்கள். அவர்களுக்கு மேடு தெற்கில். மலையாளத்தில் இது சுவாரசியமாகத் திரும்புகிறது. கேரளத்தில் மலை கிழக்கே இருக்கிறது, ஆனாலும் கிழக்கு என்றே சொல்கிறார்கள். மேற்குக்கு மட்டும் சூரியன் சாய்கிற பக்கம் என்ற பொருளில் படிஞ்ஞாறு. காலடியில் நிலம் மாறியும் பழைய சொல் மாறவில்லை. சொல்லின் வேர் எதுவாக இருந்தாலும் பேசுகிறவருக்குத் திசை பிசகுவதில்லை என்பதற்கு இதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். வேர்ச்சொல் ஆராய்ந்து ஒரு சமூகத்தின் மனதைச் சொல்லிவிடலாம் என்று கிளம்புகிறவர்களிடம் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

இந்தத் துறையில் மிகைப்படுத்தல் பழைய நோய். மொழி சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தோடு பெயர் ஒட்டிக்கொண்ட பெஞ்சமின் லீ வோர்ஃப், தீவிபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்கப் பழங்குடி மொழியான ஹோப்பியில் காலத்தைக் குறிக்க வழியே இல்லை என்று அவர் எழுதியதை, 1983-ல் எக்கஹார்ட் மலோட்கி அந்த மொழியிலிருந்தே நூற்றுக்கணக்கான உதாரணங்களை எடுத்துப்போட்டு மறுத்தார். திசைச் சோதனைக்கும் எதிர்ப்பு வந்தது. பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் 2002-ல், அமெரிக்க மாணவர்களுக்கே ஜன்னல் திரையைத் திறந்து வெளியே இருக்கிற அடையாளம் தெரியும்படி செய்தால் பதில் மாறுகிறது, இது மொழியின் வேலை இல்லை, சூழலின் வேலை என்று வாதாடினார்கள். லெவின்சன் குழு அதே வருடம் பதில் சொன்னது. சண்டை தீரவில்லை.

என் கட்சி நடுவில். விவசாயம், வாய்க்கால் தண்ணீர், வெயில் எல்லாம் திசையைக் கவனிக்க வைப்பது உண்மை. ஆனால் சைட்டில் அம்மா கூடவே வந்து மணலில் விளையாடுகிற குழந்தை எந்த வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சவில்லை. "செருப்பு வடக்க கெடக்கு, எடுத்துட்டு வா" என்று அம்மா சொல்வது மட்டும்தான் அதற்குப் பயிற்சி. சரியாகப் போய் எடுத்து வரும். அதே பிள்ளை சென்னையில் வளர்ந்தால் என்னைப் போலத்தான் ஆகும். ஆகவே இதில் தமிழுக்கென்று பெருமைப்பட எதுவும் இல்லை. எந்தத் தமிழைத் தினமும் பேசுகிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம்.

இதை வளர்ந்த பிறகும் பழகலாம். எனக்கு வந்தது, சென்னையில் என் தம்பிக்கும் ஓரளவு வந்தது. முதலில் வாய்தான் பழக வேண்டும். மனதுக்குள் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் பேசலாம் என்று இருந்தால் நடக்காது. வீட்டில் ஃபிரிட்ஜுக்கு வடக்கே, மேசையின் தெற்கு ஓரத்தில் என்று பேச ஆரம்பிக்க வேண்டும். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள், நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்குள் மட்டும் பேசினால் போதும். வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று வளர்க்கப்பட்ட நகரத்துப் பிள்ளைக்கும் படுக்கையறையில் மட்டும் திசை தெரியும் அல்லவா, அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்தது நுழைகிற இடம். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நுழையும்போதே ஒரு தடவை சொல்லிக்கொள்வேன். உள்ளே திரும்பும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரி காரிடாரிலும் தொலையாது. லிஃப்டில்தான் விட்டுப்போகும், ஏறிய கதவு ஒன்று, இறங்குகிற கதவு இன்னொன்று என்று இருந்தால் கவனம் வேண்டும். புது ஊரென்றால் நீளமான ஒரு கோடு, அதாவது தண்டவாளமோ நெடுஞ்சாலையோ ஆறோ, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்து அதில் திசையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மேஸ்திரி டீக்கடையில் செய்தது அதுதான்.

அடையாளங்களும் உதவும். பெரும்பாலான சிவன் கோயில்களில் கருவறைச் சுவரில் தட்சிணாமூர்த்தி தெற்கைப் பார்த்திருப்பார், கோயில் வாசல் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. மொட்டை மாடிகளில் இருக்கிற டிடிஹெச் டிஷ்கள் நம் ஊரில் கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவில் பார்த்திருக்கும். சூரியனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. நேர் கிழக்கில் அது உதிப்பது மார்ச், செப்டம்பரில்தான். ஜூனிலும் டிசம்பரிலும் மதுரையில் ஏறக்குறைய 24 பாகை வடக்கிலோ தெற்கிலோ தள்ளி உதிக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும். வடக்குப் பக்கம் வெயிலே வராது என்று சன்ஷேட் போடாமல் விடுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

போனில் மேப் பார்ப்பவர்கள் வரைபடம் நம்மோடு சேர்ந்து சுழலாமல், வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். சுழலுகிற மேப் ஓட்டுவதற்குச் சுகம். ஆனால் ஒரே ஊரில் பல வருடம் ஓட்டினாலும் ஊர் மனதில் படியாது.

கட்டட வேலையில் இருக்கிறவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. பிளானை மேசையில் வைத்து விளக்காதீர்கள், சைட் தரையில் வடக்குக்கு வடக்கு பொருத்தி விரித்துவிட்டுப் பேசுங்கள். பாதிக் கேள்வி வராது. கன்னி, அக்னி மூலைகளில் உங்களுக்கு நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை, ஒரு அறையின் நாலு மூலைக்கும் நாலு தனிப்பெயர் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதே. போனில் பேசும்போது அந்தப் பெயரையே சொல்லுங்கள். அப்புறம் பத்திரம். பழைய பத்திரங்களில் "இன்னார் மனைக்கு வடக்கு, பாதைக்கு மேற்கு" என்று எல்லை இருக்கும். இன்னாருடைய மனைக்கு வடக்கே நம் இடம் இருக்கிறது என்று பொருள், அதாவது அவர் நமக்குத் தெற்கே. பாதை நமக்குக் கிழக்கே. வேகமாகப் படித்தால் மனை எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். கூடவே "கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 40" என்று அளவும் இருக்கும். அதில் நீளம் அகலம் என்ற பேச்சே கிடையாது. எது நீளம், எது அகலம் என்று தகராறு வராமல் இருக்க இதைவிட நல்ல முறையை நான் பார்க்கவில்லை. என் அளவுப் புத்தகத்திலும் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் திசை ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். உடம்போடும் இயந்திரத்தோடும் சேர்ந்த வேலைக்கு இடது வலதுதான் சரி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது, கண் ஆபரேஷனுக்குக் குறி போடும்போது, கலவை மிஷினின் கைப்பிடியைத் திருப்பச் சொல்லும்போது வடக்கு தெற்கு பேசினால் ஆபத்து. மிஷின் திரும்பி நின்றாலும் அதன் வலது வலதுதான். எங்கள் மேஸ்திரியும் மிஷின் பக்கம் போனால் "சோத்தாங்கைப் பக்கம் திருப்புடா" என்றுதான் கத்துவார். கலவை கொட்டியதும் சட்டியை எங்கே கொண்டு போக வேண்டும் என்பது மறுபடி மேக்க, தெக்க.